விதையைக் கேட்டுப் பார்

கல்வி என்பது ஒருவர் சொல்லியதை மற்றொருவர் திருப்பிச் சொல்லுதலே என்னும் எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றிப் பலகாலம் ஆகின்றது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை உபாத்தியாயர் சொன்னதை ஒப்புவித்தது. இன்றைய பிள்ளை பயிற்சிப் புத்தகம் சொன்னதைப் பரீட்சைத் தாளில் ஒப்புவிக்கின்றது. இடம் மாறிற்று, ஏடு மாறிற்று, வழக்கம் மாறவில்லை. பிற பாடங்களில் இவ்வழக்கத்தால் விளையும் கேட்டினை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். விஞ்ஞானப் பாடத்தில் பொறுத்தல் இயலாது. ஏனெனில், சொன்னவர் யாராயினும் சோதித்துப் பாராமல் ஏற்பதில்லை என்னும் உறுதியிலேயே விஞ்ஞானம் பிறந்தது. அதனையே மனப்பாடம் செய்விப்பது, பிள்ளையை மணலிற் கிடத்தி நீச்சல் கற்பிப்பதை ஒக்கும்.

இதனை நாம் ஏட்டிலிருந்து எடுத்துக் கூறவில்லை. சுபாங் ஜெயாவில் அடுக்குமாடி வீடொன்றின் கீழ்த்தளத்துப் பொதுக்கூடத்தில், சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பிள்ளைகள் பன்னிருவரைக் கூட்டி, விதைகளை முளைக்கவிட்டும் தொட்டிகளில் செடி வளர்த்தும் தாவர சாஸ்திரம் கற்பித்து வருகின்றோம். அவ்வனுபவத்தில் கண்டவற்றுள் சிலவற்றை, தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி இங்கு எழுதலானோம்.

சுபாங் ஜெயா இன்று ஒரு மாநகரம். 2020-ஆம் ஆண்டு அத்தகுதியைப் பெற்றது. ஆயின் 1976-இல் இங்கு வீடு கட்டத் தொடங்குவதற்கு முன் இந்நிலம் சீபீல்ட் என்னும் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. அத்தோட்டத்தின் பெயரை இங்குள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கின்றது. பேரங்காடியும் நெடுஞ்சாலையும் நிற்கும் இம்மண்ணில், விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, நாற்று நட்டு, களை பிடுங்கி வாழ்ந்தோர் நம்மவர். அத்தகையோரின் பேரப்பிள்ளைகள் இன்று எட்டாம் மாடியிலும் பத்தாம் மாடியிலும் வளர்கின்றனர். பாட்டனுக்கு மரத்தைத் தெரியும். மரத்தின் சாஸ்திரத்தை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. பேரனுக்குச் சாஸ்திரத்தின் சொற்கள் தெரியும், மரத்தைத் தெரியாது. இவ்விரு பாதிகளையும் ஒன்று சேர்ப்பது எங்ஙனம் என்பதே நம் முன் நின்ற கேள்வி.

முதல் நாள் பிள்ளைகளிடம் நாம் கேட்டது ஒன்றே. "அடுத்த வாரம் வரும்போது உங்கள் அடுக்களையிலிருந்து ஆளுக்கொரு வகை விதை கொண்டுவாருங்கள்" என்றோம். பச்சைப்பயறு வந்தது, கொண்டைக்கடலை வந்தது, உடைத்த உளுந்தும், வறுத்த நிலக்கடலையும், அரிசியும் வந்தன. தவறான விதை என்று ஒன்றையும் தள்ளவில்லை. ஈரத்துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோய், நாள்தோறும் அவிழ்த்துப் பார்த்துக் குறித்துவரச் சொன்னோம். அடுத்த சனிக்கிழமைக்குள் பயறும் கொண்டைக்கடலையும் முளைத்திருந்தன. உளுந்தும் வறுகடலையும் அரிசியும் அழுகத் தொடங்கியிருந்தன.

அரிசி கொண்டுவந்த சிறுவனுக்கு மனம் சோர்ந்தது. "ஐயா, நெல்லைத்தானே வயலில் விதைக்கிறார்கள்? அரிசி அதற்குள் இருப்பதுதானே? பிறகு ஏன் முளைக்கவில்லை?" என்று கேட்டான். விடை கூறாமல், செகிஞ்சானிலிருந்து வரவழைத்த நெல்மணிகள் சிலவற்றையும் ஒரு பூதக்கண்ணாடியையும் அவனிடம் கொடுத்தோம். உமியை நகத்தால் நீக்கி, அரிசியையும் பக்கத்தில் வைத்து, நெடுநேரம் பார்த்தான். நெல்லுக்குள்ளிருந்த மணியின் ஒரு முனையில் சிறு புள்ளி போன்ற கரு இருந்தது. கடையரிசியில் அம்மூலை குழிந்திருந்தது. ஆலையில் தீட்டும்போது கரு உதிர்ந்துவிடுகின்றது. நாள்தோறும் உண்ணும் அரிசியின் மூலை குழிந்திருப்பதை அப்பிள்ளை அன்றுதான் கண்டான். உடைத்த உளுந்தில் கரு சிதைந்தது என்பதையும், வறுத்த கடலையில் அது வெந்து மடிந்தது என்பதையும் மற்றப் பிள்ளைகள் தாமே கூறிவிட்டனர். விதை என்பது உறங்கும் கருவும் அதற்குக் கட்டிவைத்த சோறும் என்று நாம் கரும்பலகையில் எழுதவே வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, "விதை முளைப்பதற்கு என்னென்ன வேண்டும்?" என்று வினவினோம். நீர், மண், சூரிய ஒளி, உரம் என நான்கு விடைகள் வந்தன. யார் எதனை நம்புகின்றார் என்பதை முன்னதாகவே பெயரிட்டு எழுதிவைத்தோம். பின்னர் ஐந்து கண்ணாடிக் கோப்பைகளில் பத்துப் பத்துப் பச்சைப்பயறு இட்டோம். முதற் கோப்பை, ஈரப்பஞ்சுடன் ஜன்னலோரம் வைக்கப்பட்டது. இரண்டாவது, அதே ஈரப்பஞ்சுடன் மூடிய அலமாரிக்குள். மூன்றாவதில் உலர்ந்த பஞ்சு. நான்காவதில், கொதிக்கவைத்து ஆறவிட்ட நீரை நிரப்பி மேலே எண்ணெய் ஊற்றினோம். கொதித்ததனால் நீரிற் கரைந்த காற்று வெளியேறும், எண்ணெய்ப் படலம் புதுக்காற்றைத் தடுக்கும். ஐந்தாவது, ஈரப்பஞ்சுடன் குளிர்பெட்டிக்குள் வைக்கப்பட்டது.

மூன்று நாட்களுக்குப்பின் கண்டது யாதெனில், ஜன்னலோரக் கோப்பையிலும் அலமாரிக் கோப்பையிலும் பயறு முளைத்திருந்தது. உலர்ந்த பஞ்சிலிருந்தது போட்டபடியே கிடந்தது. எண்ணெயின் கீழிருந்தவை ஊதிப் பருத்தனவேயன்றி வளரவில்லை, துர்நாற்றமும் வீசிற்று. குளிர்பெட்டியிலிருந்தவையும் முளைக்கவில்லை. இவற்றுள் எதிலும் மண் இல்லை, உரமும் இல்லை. எழுதிவைத்த நான்கு விடைகளில் பயறு ஒப்புக்கொண்டது நீர் ஒன்றையே. காற்றும் வெப்பமும் வேண்டுமென்பதை அதுவே புதிதாகச் சொல்லிற்று.

இங்கு ஒரு சிறுமி செய்ததைக் குறிப்பிடாமல் விடுதல் தகாது. குளிர்பெட்டிக் கோப்பையை ஜன்னலோரக் கோப்பையுடன் வைத்து மற்றவர்கள் ஒப்பிட்டுக்கொண்டிருக்கையில் அவள், "குளிர்பெட்டிக் கதவை மூடினால் உள்ளே இருட்டுத்தானே, ஐயா? இதை அலமாரிக் கோப்பையோடு அல்லவா ஒப்பிட வேண்டும்? அப்போதுதான் குளிர் ஒன்று மட்டும் வேறுபடும்" என்றாள். அவளுக்கு வயது பத்து. ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்னும் பரிசோதனை விதியை நாம் அதுவரை அவ்வகுப்பிற் சொன்னதில்லை. பயறு சொல்லிக்கொடுத்தது.

"அப்படியானால் எந்த விதைக்குமே வெளிச்சம் வேண்டாமா?" என்றான் மற்றொருவன். அப்படிப் பொதுவாகச் சொல்லிவிடவும் கூடாது. புகையிலை விதை தூசுபோல் நுண்ணியது. அதனுள் சேமித்த உணவு சிறிதே. ஆழத்திற் புதைந்து முளைத்தால் மண்மேல் வருமுன் அவ்வுணவு தீர்ந்துபோகும். அத்தகைய விதைகளிற் பல ஒளி பட்டாலன்றி முளைப்பதில்லை. பயறுக்குக் கண்ட முடிவு பயறுக்கே உரியது. பிறவற்றுக்கு அவற்றையே கேட்க வேண்டும்.

அலமாரிப் பயற்றில் இன்னொரு பாடமும் இருந்தது. அம்முளைகள் ஜன்னலோரத்தவற்றைவிட உயர்ந்து, மெலிந்து, வெளிர்மஞ்சளாக நின்றன. ஒளியின்றிப் பச்சையம் உண்டாகாது. ஒளியைத் தேடும் முயற்சியில் தண்டு நீளும். இதனைக் கண்டதும் பிள்ளைகளுள் ஒருத்தி, "மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரி இப்படித்தான் இருக்கும்" என்றாள். சரியாகவே சொன்னாள். முளைப்பாரியை இருண்ட அறையில் வைத்து வளர்ப்பதே அந்நிறத்துக்குக் காரணம். அது செழித்தால் அவ்வாண்டு விளைச்சல் செழிக்கும் என்று நம் பெரியோர் நம்பினர். வீட்டிலுள்ள விதையை விதைக்குமுன் முளைக்கவிட்டுப் பார்த்தல் என்ற அளவில் அதில் உண்மை உண்டு. முளையாத விதையை வயலிலிட்டால் விளைச்சல் எங்கிருந்து வரும்? அதற்கப்பால் மழையையும் பூச்சியையும் முளைப்பாரி முன்கூட்டி அறியாது. இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றலே நாம் பிள்ளைகளுக்குத் தர விரும்புவது.

விதையைத் தலைகீழாக ஊன்றினால் வேர் மேலே வருமா என்னும் கேள்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுவதுண்டு. கண்ணாடிக் குவளையின் உட்புறம் ஈரக்காகிதத்தைச் சுற்றி, கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடையில் அவரை விதைகளைப் பலவாறு திருப்பிவைத்தோம். எப்படி வைத்தாலும் வேர் கீழ்நோக்கியே சென்றது. குவளையைக் கவிழ்த்துவைத்தோம், இரண்டொரு நாளில் வேர்நுனி வளைந்து மீண்டும் கீழ்நோக்கிற்று. "ஈரத்தைத் தேடிப் போகிறது" என்றான் ஒருவன். ஈரமோ எப்பக்கமும் இருந்தது. 1806-ஆம் ஆண்டிலே தாமஸ் நைட் என்னும் ஆங்கிலேயர் இக்கேள்வியை எடுத்து, ஓடையின் நீரால் சுழலும் சக்கரத்தில் அவரை விதைகளைக் கட்டி முளைக்கவிட்டார். வேகமாய்ச் சுழன்ற சக்கரத்தில் வேர்கள் வெளிவிளிம்பை நோக்கியும் தண்டுகள் நடுமையத்தை நோக்கியும் வளர்ந்தன. ஆகவே வேர் அறிவது ஈர்ப்புவிசையை. சுழற்சியால் வேறொரு விசை மிகுந்தபோது அதனையே கீழ்த்திசையாகக் கொண்டது. இவ்வரலாற்றைக் கேட்ட பிள்ளைகள் சக்கரம் செய்யக் கிளம்பிவிட்டனர். அது வேலை செய்யுமோ செய்யாதோ, அடக்க மனம் வரவில்லை.

தொட்டியில் வெண்டையும் பயற்றங்காயும் வளரத் தொடங்கியபின் மற்றொரு வினா எழுந்தது. இவ்வளவு பெரிய செடி எதனைத் தின்று வளர்ந்தது? மண்ணைத்தான் என்று ஏறக்குறைய அனைவரும் கூறினர். பெல்ஜிய நாட்டு வான் ஹெல்மாண்ட் இதனைத் தராசில் வைத்தே பார்த்தார். 200 இராத்தல் உலர்ந்த மண்ணில் 5 இராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டு நீர் மட்டும் வார்த்தார். மரம் 169 இராத்தலுக்கு வளர்ந்தது. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ இரண்டு அவுன்சே. மரம் முழுதும் நீராலானது என்று அவர் முடிவு கட்டினார். 1648-இல், அவர் மறைந்தபின், அது நூலாக வெளிவந்தது. மண் அன்று என்பதில் அவர் கண்டது சரி. நீர் மட்டுமே என்பது சரியன்று. இலை காற்றிலிருந்து கரிவாயுவை எடுத்து, ஒளியின் உதவியால் உணவாக்குகின்றது. இதில் ஒளியின் பங்கை இன்ஜன்ஹௌஸ் என்பவர் 1779-இல் வெளியிட்டார். ஆக, அத்தனை துல்லியமாக நிறுத்துப் பார்த்தவரும் தாம் நிறுக்காத ஒன்றைக் கணக்கில் விட்டுவிட்டார். பெரியவர் சொன்னதிலும் எதுவரை மெய்ப்பிக்கப்பட்டது, எங்கே ஊகம் தொடங்கிற்று என்று பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு இதனால் உண்டாயிற்று.

இவை யாவும் நன்றாகவே நடந்துகொண்டிருக்கையில், ஒரு மாலை, பிள்ளையை அழைத்துச்செல்ல வந்த தகப்பனார் ஒருவர் தம் மகளின் கையில் மண் ஒட்டியிருப்பதைக் கண்டு முகம் சுளித்தார். "எங்க அப்பாவும் தாத்தாவும் மண்ணிலே கிடந்தது போதாதா, ஐயா? என் மகளாவது கையிலே மண் படாமல் படிக்கட்டும் என்றுதான் தோட்டத்தை விட்டு வந்தோம்" என்றார். அவர் சொல்லில் வன்மம் இல்லை. ஒரு நூற்றாண்டின் வலி இருந்தது. அதனை எள்ளி நகையாடுவோர் தோட்ட வாழ்வை அறியாதவர்.

அவருக்கு நாம் கூறிய விடை இதுவே. மண்ணில் இழிவு இல்லை. மண்ணைத் தொட்டவனுக்கு அறிவு வேண்டா என்று தீர்மானித்தார்களே, இழிவு அதில் இருந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் ஓரினத்தில் பத்துப்பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டுமென விதித்தது. பள்ளிகள் தோன்றின; ஆயின் அவற்றுட் பல, எழுத்தும் கணக்கும் சற்றே கற்பித்து, அப்பிள்ளையைப் பெற்றோரின் வேலைக்கே திருப்பியனுப்பின. சுற்றிலும் ஆயிரமாயிரம் மரங்கள். அவற்றின் பால் எவ்வாறு உண்டாகின்றது, ஒட்டுக் கட்டினால் எங்ஙனம் இரு மரம் ஒன்றாகின்றது என்று அப்பள்ளிகளில் எத்தனைப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது? மண்வெட்டியைக் கையிற் கொடுத்தவர்கள் பூதக்கண்ணாடியைக் கொடுக்கவில்லை. இப்போது நாம் கொடுப்பது பூதக்கண்ணாடி.

கை மண்ணிற்படுவது கற்றோர்க்கு இழுக்கென்றால், ஜானகி அம்மாள் அவர்களை எங்கே வைப்பது? 1897-இல் தலைச்சேரியிற் பிறந்து, சாதியும் பெண்மையும் தடையென நின்ற காலத்தில் தாவர சாஸ்திரம் பயின்று, அமெரிக்காவில் உயர்பட்டம் பெற்று, கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பையும் பிற புல்வகைகளையும் கலந்து புதுவகை உண்டாக்க உழைத்தவர் அவர். பயிர்ச்செடிகளின் நிறப்புரிகளைப் பற்றி டார்லிங்டன் என்பாருடன் அவர் எழுதிய பெருநூல் 1945-இல் வெளிவந்தது. வயலும் அவருக்குக் கல்விச்சாலையே. அத்தகப்பனார் நம் விடையை முழுதும் ஏற்றாரா என்பதை அறியோம், மகளை நிறுத்தவில்லை.

அதற்குப் பின்னர்த்தான் பாட்டிமார்களை வகுப்புக்கு அழைத்தோம். அவர்களுள் ஒருவர், இளமையில் தோட்டத்து நாற்றங்காலில் வேலை பார்த்தவர், எழுத்தறியாதவர். ஆகஸ்டு மாதத்தில் உறவினர் வழியாக ஒரு சாக்கு ரப்பர்க் கொட்டை வந்தது. அந்த அம்மையார் தரையிலமர்ந்து, ஒவ்வொன்றாய்க் கையிலெடுத்து, பளபளப்பைப் பார்த்து, காதருகே குலுக்கி, இரண்டு குவியலாகப் பிரித்தார். "இது முளைக்கும், இது முளைக்காது" என்றார். எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் கேட்க, "கனமா இருக்கணும்பா. காய்ஞ்சு போனா உள்ளே பருப்புச் சுருங்கி ஆடும், சத்தம் வரும்" என்றார்.

பாட்டி சொன்னார் என்று நம்பிவிடவும் இல்லை. பாட்டிதானே என்று தள்ளிவிடவும் இல்லை. இரு குவியல்களிலிருந்தும் இருபது இருபது எண்ணி மணற்பாத்தியில் பதித்து, ஈரச்சாக்கால் மூடினோம். முதற் குவியலிலிருந்து இன்னும் இருபதைத் தகரப் பெட்டியிலிட்டுத் தனியே வைத்தோம். மூன்று வாரத்தில், முளைக்குமென்றவற்றுள் பதினாறு முளைத்தன. முளைக்காதென்றவற்றுள் மூன்றே முளைத்தன. தகரப் பெட்டியிலிருந்தவற்றை இரண்டு மாதம் கழித்துப் பதித்தோம், ஒன்றுகூட முளைக்கவில்லை.

ஏன்? பயறுபோல் உலர்ந்து காத்திருக்கும் ஆற்றல் ரப்பர் விதைக்கு இல்லை. ஈரம் வற்றினால் அது மடியும். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி இலண்டனருகே கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். நூற்றுக்கு ஏறத்தாழ நான்கே முளைத்தன. நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22. அவற்றுள் ஒன்பது பேராக் மாநிலத்துக் கோலாகங்சாரில் நடப்பட்டன. விதை கடலைக் கடந்த அவ்வளவு நாளில் இழந்தது எதுவென்பதைச் சுபாங் ஜெயாவில் ஒரு தகரப் பெட்டி காட்டிவிட்டது. இதற்கு மறுதலையாகப் பேராசிரியர் பீல் என்பவர் 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் களை விதைகளை மணலுடன் புட்டிகளிலடைத்துப் புதைத்துவைத்தார். 2021-இல் தோண்டியெடுத்த புட்டியிலிருந்து, 142 ஆண்டுக்குப்பின், சில விதைகள் முளைத்தன. செம்பனை விதையோ, ஏறத்தாழ 40 பாகை வெப்பத்திற் பல வாரம் வைத்தாலன்றி எளிதில் விழிப்பதில்லை. ஒவ்வொரு விதைக்கும் ஒரு பொறுமை உண்டு.

விக்கத்தின் பெயர் நூல்களில் நிற்கின்றது. அவ்விதையின் வழிவந்த கோடானுகோடி நாற்றுகளை மலாயாவில் முளைக்கவைத்து நட்ட கைகளுக்குப் பெயர் இல்லை. அன்று அப்பன்னிருவரும் தத்தம் குறிப்பேட்டில் 'பாட்டி சொன்னது சோதிக்கப்பட்டது. பெரும்பாலும் சரி' என்று எழுதினர். எழுதியதை ஒரு பேத்தி வாசித்துக் காட்டினாள். அம்மையார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனினும் சோதனை யாருக்கும் தாட்சணியம் காட்டாது. அதே அம்மையார், வளர்பிறையிற் போட்டால்தான் விதை நன்றாக முளைக்கும் என்றும் சொல்லியிருந்தார். பிள்ளைகள் ஒரே பொட்டலத்துப் பயற்றில் ஐம்பதை வளர்பிறையிலும் ஐம்பதைத் தேய்பிறையிலும் ஒரே வகையாக முளைக்கவிட்டு எண்ணினர். குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. மும்முறை செய்தும் அவ்வாறே. நெருடலோடுதான் அவரிடம் சொன்னார்கள். அவரோ சிரித்து, "அப்போ இத்தனை வருசம் நாள் பார்த்துக் காத்திருந்தது வீண்தானா!" என்றார். கொட்டையைப் பற்றிச் சொன்னதில் வென்றவரும் அவரே. பிறையைப் பற்றிச் சொன்னதில் தோற்றவரும் அவரே. அவர்மீது பிள்ளைகளுக்கிருந்த மதிப்பு அணுவளவும் குறையவில்லை. ஒருவரை மதிப்பது வேறு, அவர் சொல்லை எல்லாம் ஏற்பது வேறு என்னும் பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்த நீதிநூலால் போதிக்க முடியும்?

இதனை வேறிடங்களிலும் செய்ய விரும்பும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் சில சொல்லுவோம். செலவு பெரிதன்று, ஒரு பிடி பயறு, பஞ்சு, பழைய கோப்பைகள், தேங்காய் நார்த்தூள், ஒரு பூதக்கண்ணாடி போதும். விதையை இடுமுன் ஒவ்வொரு பிள்ளையும் தான் நினைப்பதை எழுதிவைக்க வேண்டும். எழுதிவைக்காத நினைப்பு முடிவைக் கண்டபின் மாறிக்கொள்ளும். ஒரு விதையை வைத்து முடிவு கட்டலாகாது. பத்தேனும் இருபதேனும் வேண்டும். அழுகியதையும் பூஞ்சணம் பிடித்ததையும் தூக்கியெறியாமல், எண்ணிக் குறிக்க வேண்டும். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் நாற்று அழுகல் விரைவில் வரும்; நீர் மிகுந்தாலும் கேடு என்பதற்கு அதுவே சாட்சி. இன்னொன்று: தட்டுகளிலும் தொட்டியடியிலும் நீர் தேங்க விடக்கூடாது. டெங்கிக் கொசு அதிலே முட்டையிடும். கொசு வளர்வதற்கு இடங்கொடுப்பதைத் தண்டிக்க 1975-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. விஞ்ஞானம் கற்கப்போய் அண்டை வீட்டாருக்கு நோயைக் கொடுத்தல் ஆகாது.

பாடத்தைத் தமிழிலேயே நடத்துகின்றோம். 2003-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுப் பள்ளிகளில் விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. ஆங்கிலம் வேண்டுவதே, அதிற் கருத்துவேறுபாடு இல்லை. ஆயின் பாட்டியும் பேத்தியும் ஒரே பாத்தியருகே அமர்ந்து ஒரே விதையைப் பற்றி வாதிட வேண்டுமானால், அது இருவரும் அறிந்த மொழியில்தான் நிகழும். முளைவேர், முளைக்குருத்து, விதையிலை என்னும் சொற்கள் கண்முன் நிற்கும் பொருளோடு வந்தபோது ஒரு பிள்ளையும் அவற்றை உருப்போட வேண்டியிருக்கவில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கென அஸ்தி என்னும் அமைப்பு நடத்தி வந்துள்ள அறிவியல் விழாக்களில், சின்னஞ்சிறு பிள்ளைகள் தாம் செய்த பரிசோதனைகளைத் தாமே விளக்கி நிற்கக் காணலாம். ஆற்றல் நம் பிள்ளைகளுக்குக் குறைவு என்பார் அதனைச் சென்று பார்ப்பாராக.

அன்பர்களே! வீட்டில் நிலம் இல்லை என்று கூறாதீர்கள். ஒரு கோப்பை போதும். நேரம் இல்லை என்று கூறாதீர்கள்; பயறு முளைக்க இரண்டு நாளே ஆகும். தோட்டத்தில் இன்னும் வாழ்வோருக்கு நாம் சொல்லுவது இது: உங்கள் கையிலுள்ள அறிவை உங்களோடு மடியவிடாதீர்கள், பிள்ளைகள் கேட்கும்படி சொல்லுங்கள், அவர்கள் சோதிக்கும்படி விடுங்கள். பட்டணத்தாருக்குச் சொல்லுவது: மகள் கையில் மண் ஒட்டியிருந்தால் கழுவிவிடுவதற்குமுன், இன்று என்ன கண்டாய் என்று கேளுங்கள். அவள் சொல்லுவது புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக இருந்தால் அதட்டாதீர்கள். இன்னொரு பத்து விதையை எடுத்துக் கொடுங்கள்.